காயாத துணி

படகில் என்னை மூக்கர் என்று கூப்பிடுவார்கள். என் மூக்கு ஒன்றும் அவ்வளவு பெரிதில்லை. இன்ஜின் ரூமில் டீசல் எங்கே கசிகிறது என்பதை விளக்குப் போடாமலேயே சொல்லிவிடுவேன், அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். இருபத்தொன்பது வருடமாக இதே வழக்கம்தான். காலையில் இரும்புக் கதவைத் திறந்து, ஏணியில் இறங்கி, இரண்டு இன்ஜினுக்கும் நடுவில் நின்று கண்ணை மூடி மூச்சை இழுப்பேன். இடது பக்கத்துப் பம்ப் என்று மூக்கு சொன்னால் இடது பக்கத்துப் பம்ப்தான். டார்ச்சும் கையுமாக அரைமணி நேரம் குனிந்து தேடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். முகர்ந்து முடித்ததும் பதிவேட்டில் 'கசிவு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அதற்குப் பிறகுதான் படகு கிளம்பும்.

ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நாற்பது நிமிடம். நூற்றைம்பது பேரும் ஆறேழு வண்டிகளும் ஏறும் படகு. ஒரு நாளைக்கு எட்டு நடை. மேலே ஜனங்கள் காற்று வாங்குவார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள், குழந்தைகளைக் கம்பிக்கு அருகில் போகாதே என்று அதட்டுவார்கள். கீழே நான் ஒருவன். காதில் அடைப்பானை மாட்டிக்கொண்டால் என் இருமல்கூட எனக்குக் கேட்காது. மனைவி இருந்தவரைக்கும் இது எனக்குப் பெரிதாகப் படவில்லை. மாலையில் வீட்டுக்குப் போனால் அவள் நாள் முழுக்கச் சேர்த்து வைத்த பேச்சையெல்லாம் அவிழ்ப்பாள். நான் "ம்" கொட்டிக்கொண்டு வேறெங்கோ பார்த்திருப்பேன். இப்போது வீட்டுக்குப் போனால் குளிர்சாதனப் பெட்டியின் உறுமலைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. அதுவும் நடுவில் நின்றுபோனால் நான் எழுந்து போய் ஏதாவது பாத்திரத்தை உருட்டுவேன்.

அவள் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. எங்களுக்கு ஒரே மகள். கடலுக்கு அப்பால் வேறு தேசத்தில் எரிபொருள் ஆலை ஒன்றில் வேதியியல் பரிசோதகராக இருக்கிறாள். அவளும் நானும் பேசாமல் இருந்ததும் ஏறக்குறைய அவ்வளவு காலம்தான். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். சொல்லித்தான் ஆக வேண்டும்.

சில மாதங்களுக்கு முன் அலுவலகத்திலிருந்து மேலாளர் அம்மா படகுக்கே நேரில் வந்தார். எங்கள் படகில் தொண்ணூறு நாளைக்குப் புது எரிபொருள் போட்டுப் பார்க்கப் போகிறார்களாம். பூமியைத் தோண்டி எடுத்தது இல்லை. காற்றாலை மின்சாரத்தைச் செலுத்தித் தண்ணீரைப் பிரித்து, ஒரு சிமெண்ட் ஆலையின் புகைபோக்கியில் பிடித்த கரியமில வாயுவை அதோடு சேர்த்துச் சமைத்தது. எரிந்தால் வெளியே போவது ஏற்கெனவே புகையாகப் போயிருக்க வேண்டியதுதான், புதிதாகப் பூமிக்கு அடியிலிருந்து எதையும் கிளப்பிவிடவில்லை என்றார். இன்ஜினை மாற்ற வேண்டாம், டேங்கை மாற்ற வேண்டாம், அப்படியே ஊற்றலாம். தொண்ணூறு நாளும் பதிவேடு சுத்தமாக இருந்தால் நிறுவனத்தின் மற்ற எட்டுப் படகுகளுக்கும் இதையே வாங்குவார்கள். இந்தப் பரீட்சையில் தேறாவிட்டால் அந்த ஆலையே இந்த வருடத்தோடு மூடினாலும் மூடிவிடும் என்றும் சொன்னார். எங்கள் கேப்டன் ஒரு நிமிடம் பிந்தினாலும் முகம் சுளிப்பவர், அவருக்குப் பெயரே கடிகாரம். "நேரத்துக்குக் கிளம்பினா சரி, தண்ணி ஊத்தினாலும் எனக்கு ஆட்சேபணை இல்ல" என்று அவர் மேலே போய்விட்டார்.

லாரி வந்து டேங்கை நிரப்பியது. குழாயைக் கழற்றிய ஓட்டுநர் என்னிடம் ஒரு சீட்டை நீட்டினார். சரக்கு எண், அடர்த்தி, பரிசோதித்த தேதி, ஏதாவது சந்தேகம் என்றால் கூப்பிட ஒரு எண். கீழே பரிசோதித்தவரின் கையெழுத்து. அந்தக் கையெழுத்தின் கடைசி எழுத்திலிருந்து ஒரு வால் கிளம்பிப் பின்னால் வளைந்து வந்து அடியில் இரண்டு புள்ளியோடு நின்றது.

அது என் வால். பள்ளிக்கூட மதிப்பெண் அட்டையில் நான் போடும் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து, பத்து வயதில் அவளும் அதே வாலை வைத்துக்கொண்டாள். அவள் அம்மா எங்கள் இருவரையும் சேர்த்துக் கிண்டல் செய்வாள்.

ஓட்டுநர் ஏதோ கேட்டார், என் காதில் ஏறவில்லை. சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அதைத் துறை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும், நகல் எடுத்துக் கொடுத்தேன். அசல் அங்கேயே இருக்கும் என் அலமாரிக் கதவின் உள்பக்கம் போனது. வாரத்துக்கு இரண்டு லாரி. ஆறு வாரத்தில் பன்னிரண்டு சீட்டு. யாரிடமும் சொல்லவில்லை. திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் ஒரு மணிநேரம் முன்னதாகவே படகுத்துறைக்குப் போய் லாரிக்காகக் காத்து நின்றேன். காதலிக்கும் காலத்தில்கூட நான் யாருக்காகவும் அப்படி நின்றதில்லை.

எரிபொருள் நல்ல சரக்குதான், குறை சொல்ல முடியாது. புகைபோக்கியில் கறுப்பு இல்லை, இன்ஜின் சத்தம்கூடக் கொஞ்சம் தணிந்திருந்தது. பார்வைக்குத் தண்ணீர், அவ்வளவு தெளிவு. ஆனால் ஒரு வாரத்தில் இன்ஜின் ரூமிலிருந்து டீசல் வாடை போய்விட்டது. என் சட்டையிலும் போய்விட்டது. அந்த வாடைக்காக என் மனைவி இருபத்தைந்து வருடம் மூக்கைப் பொத்திக்கொண்டு என் துணியைத் தனியாகத் துவைத்தாள். இப்போது அது இல்லை என்று சொல்லிச் சிரிக்க அவள் இல்லை. எனக்கு அழுகை வந்தது, வாய்விட்டே அழுதேன். இன்ஜின் ஓடும்போது அங்கே எவ்வளவு வேண்டுமானாலும் அழலாம்.

காலையில் நடுவில் நின்று மூச்சை இழுக்கும் வழக்கத்தை மட்டும் நான் விடவில்லை. ஒரு வாடையும் இல்லை. 'கசிவு இல்லை' என்று எழுதினேன். கையெழுத்தின் வாலைக் கொஞ்சம் பார்த்து அழகாகவே போட்டேன். அலுவலகத்தில் அந்தப் பக்கத்தைத் தினமும் படம் எடுத்து எங்கேயோ அனுப்புகிறார்கள் என்று தெரியும். எங்கே என்று நான் கேட்கவில்லை.

நாற்பத்தொன்றாவது நாள், நான்காம் நடை முடிந்து இந்தக் கரையில் நின்றோம்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். இன்ஜின் ரூமில் எண்ணெய் துடைத்த துணி மூடி போட்ட இரும்புத் தொட்டிக்குப் போகும். தண்ணீர் துடைத்த துணியைக் கம்பியில் காயப்போடுவோம். வலது பக்கத்துப் பம்புக்கு மேலே கடல்நீர்க் குழாய் ஒன்று போகிறது. குளிர்ந்த குழாய், எப்போதும் வியர்த்துச் சொட்டும். பம்பின் அடித்தட்டில் தண்ணீர் நிற்பதும், நான் அதைத் துடைத்துத் துணியைப் பிழிந்து கம்பியில் போடுவதும் என்றைக்கும் உள்ள வேலை. அந்தக் கம்பிக்கு ஒரு சாண் கீழே புகைக்குழாய் போகிறது, அந்தச் சூட்டில் எவ்வளவு ஈரத் துணியும் பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும். குழாயைச் சுற்றிப் போட்டிருக்கும் கவசத்துணி ஓரிடத்தில் கிழிந்திருந்தது, அடுத்த மாதம் மாற்றலாம் என்று வைத்திருந்தேன்.

அன்று துடைக்கத் துணி எடுக்கப் போனேன். கம்பியில் கிடந்தது முந்தின நாள் போட்டது. எடுத்தேன். ஈரமாக இருந்தது.

முதலில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. யார் நனைத்தது என்று கேட்கலாம் என்றால் கீழே வருவது நான் ஒருவன். பிறகு விரலால் தேய்த்துப் பார்த்தேன். வழுக்கியது. மூக்கருகே கொண்டுபோனேன், ஒன்றும் இல்லை. நன்றாக அழுத்தி முகர்ந்தபோது அடியில் மெழுகுவத்தி மாதிரி ஏதோ ஒன்று மெலிசாக வந்தது. தண்ணீர் என்றால் இதற்குள் நாலு முறை காய்ந்திருக்கும். இது காயாது. இது எரிபொருள்.

எரிபொருளில் ஊறிய துணியைப் பழுக்கக் காய்ந்த குழாய்க்கு மேலே திரி மாதிரி நானே தொங்கவிட்டிருக்கிறேன். கிழிசலுக்கு நேரே விழுந்திருந்தால் போதும். மேலே நூற்றைம்பது பேர். எத்தனை நாளாக இப்படி என்று யோசித்தேன். நேற்றும் துடைத்தேன், முந்தாநாளும் துடைத்தேன். கடல்நீர்க் குழாய் கொஞ்சம் அதிகமாக வியர்க்கிறதே என்று போன வாரம் நினைத்ததுகூட நினைவிருக்கிறது. அப்போதும் விரலால் தொடவில்லை. என் மூக்கு இருக்கும்போது விரல் எதற்கு.

மேலே போய்ப் படகு இனி நகராது என்று கடிகாரத்திடம் சொன்னேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். ஒரு வார்த்தை கேட்காமல் ஏறிக்கொண்டிருந்த ஜனங்களை இறக்கிவிட்டார்.

பம்பைப் பிரித்தேன். உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் கிழியவில்லை, வெடிக்கவில்லை. மெலிந்து போயிருந்தது, அவ்வளவுதான். ஒன்பது வருடமாக அந்தப் பள்ளத்தில் கச்சிதமாக உட்கார்ந்திருந்த வளையம் இப்போது அதற்குள் நிற்கவில்லை. புது வளையம் ஒன்றைப் போட்டு இன்ஜினை ஓட்டி, வெள்ளைக் காகிதத்தை அடியில் விரித்து ஒரு மணிநேரம் பார்த்தேன். ஒரு சொட்டு விழவில்லை.

மேலாளர் அம்மா வந்து என்னைத் துறை அலுவலகத்தில் உட்காரவைத்து எல்லாவற்றையும் கேட்டார். கெட்டவர் இல்லை அவர், நல்லது நினைத்துத்தான் சொன்னார். இன்றைக்குக் கசிவு கண்டுபிடித்தேன், வளையம் தேய்ந்திருந்தது, மாற்றிவிட்டேன் என்று ஒரு வரி எழுதினால் போதும். பழைய நாற்பது நாளைத் தோண்ட வேண்டாம். முகர்ந்து பார்த்து எழுதியது என்று தெரிந்தால் நாற்பது நாளும் செல்லாது, பரீட்சை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அதுவரை யாரும் காத்திருக்க மாட்டார்கள். "அங்க எத்தன பேரோட உழைப்பு இருக்கோ, யோசிச்சுப் பாருங்க" என்றார். யாருடைய உழைப்பு என்று அவருக்குத் தெரியாது. பேனாவைக் கொடுத்துவிட்டு வெளியே போனார்.

எழுதிவிடலாம் என்றுதான் நினைத்தேன், பொய் சொல்வானேன். அந்த ஒரு வரியை எழுதினால் அவள் ஆலை தப்பிக்கும், திங்களும் வியாழனும் சீட்டு வரும். எழுதாவிட்டால் அவள் வேலைக்கு நானே உலை வைத்தவன் ஆவேன், ஏற்கெனவே ஒரு முறை அவள் மனதை உடைத்தவன். ஆனால் மற்ற எட்டுப் படகிலும் இதே வளையம், இதே வயது. அங்கேயும் முகர்ந்துதான் பார்ப்பார்கள். டார்ச்சோடு தேடுகிறவர்கள்கூட முதலில் நம்புவது மூக்கைத்தான். அலமாரியைத் திறந்து பன்னிரண்டாவது சீட்டை எடுத்து அதில் இருந்த எண்ணைக் கூப்பிட்டேன்.

அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும். அவள் அம்மா மாதிரியே அவளும் எல்லோருக்கும் முன்னால் எழுகிறவள். அந்நாட்டு மொழியில் ஆலையின் பெயரைச் சொன்னது அவள் குரல்தான். நான் என் பெயரைச் சொல்லவில்லை. பன்னிரண்டாம் சரக்கு, படகு, பம்பில் கசிவு என்று சொன்னேன்.

பேனா மூடி திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "சொல்லுங்க" என்றாள். அப்பா என்று சொல்லவில்லை. பேசுகிற யோக்கியதை எனக்கு இருந்ததே அந்தப் பம்பினால்தான், அதனால் நானும் பம்பைப் பற்றியே பேசினேன். வளையத்தின் அளவு, நிறம், எத்தனை வருடம் பழையது என்று வரிசையாகக் கேட்டாள். பழைய டீசலில் இருக்கும் ஒரு சமாச்சாரம் ரப்பரை ஊதவைக்கும், வளையம் ஊதியே பழகிவிடும், எங்கள் எரிபொருளில் அது கிடையாது, அதனால் சுருங்கிவிட்டது என்றாள். சோதனைச் சாலையில் புது வளையத்தை வைத்தே பார்த்தார்களாம். ஒன்பது வருடம் டீசலில் ஊறிய வளையம் அவர்களுக்கு எங்கே கிடைக்கும். பழைய வளையம் ஒன்றை நான் கேட்டு வாங்கியிருக்க வேண்டும், என் தப்புதான் என்றாள்.

"எத்தன நாளா கசியுது?"

தெரியவில்லை என்றேன்.

"தினமும் கசிவு இல்லன்னு எழுதியிருக்கீங்களே."

"மோந்து பாத்துதான் எழுதினேன்."

மறுமுனையில் ஒரு சின்னச் சத்தம். சிரித்தாளா, அழுதாளா, எனக்குப் புரியவில்லை. "அப்பா, அதுல வாசனையே கிடையாதுப்பா" என்றாள்.

பிறகு அவளாகவே சொன்னாள். பதிவேட்டுப் பக்கம் போவது அவளிடம்தானாம். காலையில் வந்ததும் முதல் வேலை அதைத் திறப்பது. வாலோடு கையெழுத்து இருந்தால் அப்பாவுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்வாளாம். எங்கள் படகுக்கு வரும் சரக்கை வேறு யாரும் பரிசோதிக்கக் கூடாது என்று கேட்டு வாங்கிக்கொண்டாளாம். மேலாளர் சொன்னதை ஒப்பித்தேன். உன் வேலை போய்விடுமே என்றேன்.

"மத்த படகுலயும் இதே ரிங்தானே?"

"இதேதான்."

"அப்ப எழுதுங்கப்பா. நாப்பத்தோரு நாளையும் எழுதுங்க."

அந்த மாதக் கடைசியில் பரீட்சையை நிறுத்திவிட்டார்கள், இங்கேயே சொல்லிவிடுகிறேன். எட்டுப் படகுக்கும் வளையம் மாற்றிவிட்டுப் பார்க்கலாம் என்று ஒரு கடிதம் வந்தது. எப்போது என்று அதில் இல்லை. லாரி வருவதும் சீட்டு வருவதும் நின்றன. டீசல் வாடை திரும்பி வந்தது. ஆலை இன்னும் மூடவில்லை, மூடாமலும் இருக்கலாம்.

அன்று அவள் போனை வைப்பதற்கு முன் அலுவல் குரலுக்குத் திரும்பி, பரிசோதகர்கள் எல்லோரிடமும் கடைசியாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டாள். வேறு ஏதாவது தெரிவிக்க இருக்கிறதா என்று.

இருந்தது. ஆறு வருடங்களுக்கு முன் அவள் ஒரு சபதம் எடுத்தாள். இப்படிப்பட்ட எரிபொருளில் விமானம் பறக்கும்வரை விமானத்தில் ஏறுவதில்லை என்று. நான் கேலி செய்தேன், விமானத்தில் ஒரு ஆள் எடை குறையும், அவ்வளவுதான் என்றேன். அம்மா ஆஸ்பத்திரியில் படுத்த அன்று சபதத்தை விட்டுவிட்டு விமானத்தில் வருகிறேன் என்று போனில் சொன்னாள். அம்மா ஆக்ஸிஜன் குழாயை விலக்கி, வெறும் காய்ச்சல்தான், ரயிலும் கப்பலுமாக மெதுவாக வா என்றாள். மருத்துவர் என்னிடம் சொல்லியிருந்தது வேறு, நாள் எண்ண வேண்டியதுதான் என்று. நான் பக்கத்தில் நின்றேன், கிளம்பி வா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாலாம் நாள் அவள் அம்மா போய்விட்டாள். மகள் துறைமுகத்துக்குப் போகும் ரயிலில் இருந்தாள். அம்மா முகத்தை ஒரு தடவை போனில் காட்டுங்கள் என்று கேட்டு அழைத்துக்கொண்டே இருந்தாள். யார்மேல் கோபம் என்று தெரியாத கோபத்தில் நான் போனை அணைத்தேன். எல்லாம் முடிந்த பிறகு, சார்ஜ் தீர்ந்துவிட்டது, இனி யாரைப் பார்க்க வருகிறாய் என்று கேட்டேன். அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பிப் போனாள்.

"ஒண்ணு இருக்கு" என்றேன். "அன்னைக்கி போன்ல சார்ஜ் இருந்துச்சும்மா. நான்தான் அணைச்சேன். உன்ன வரச் சொல்லாததும் நான்தான்."

அலுவலகச் சன்னலில் படகு நின்றுகொண்டிருப்பது தெரிந்தது. ஏறாத ஜனங்கள் துறையில் நின்று கடிகாரத்திடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எவ்வளவு இருந்துச்சு?" என்றாள். அளவு கேட்டுப் பழகியவள்.

"அறுபத்தி மூணு."

அவள் போனை வைக்கவில்லை. நான் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பதிவேட்டைத் திருப்பி முதல் நாளின் பக்கத்தை எடுத்தேன். 'கசிவு இல்லை' என்பதை அடித்துவிட்டு, 'தெரியவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் மூச்சு விடுவது கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டாம் நாளின் பக்கத்தைத் திருப்பினேன்.